இருபது மில்லிகிராம்

தெற்காவணி மூல வீதியில் ஒரு மாடி எனக்கு.
தராசு கீழே நகைக்கடையிலிருந்து இரவல்.
லென்ஸ், கல் பதிக்கிற சுந்தரேசுவிடம்
அடித்துப் பேசி வாங்கியது.
அங்கே தங்கம் உருகுகிறது. இங்கே நான்
பபுள்கம்மோடு வந்த கிரிக்கெட் சீட்டுகளுக்கு
விலை சொல்கிறேன்.
சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுத்தான் படியேறுகிறார்கள்.

முதல் சீட்டுக்குத்தான் மவுசு.
நூறு அடித்த பிறகு அச்சானது மூட்டையாய்க் கிடக்கும்.
ஒன்றுமே அடிக்காதபோது,
பெயரில் எழுத்துப்பிழையோடு,
எவனுடைய தொப்பியையோ இரவல் வாங்கி
படத்துக்கு நின்றானே, அதைக் கேட்டுத்தான்
பெங்களூரிலிருந்து போன் வருகிறது.

போலியும் வரும்.
செல்லூர்க்காரன் ஒருவன் டீயில் நனைத்து
மொட்டைமாடியில் காயவைத்துக் கொண்டுவந்தான்.
வயசாகியிருந்தது, ஆனால் ஏலக்காய் மணத்தது.

கத்திரி ஞாயிறு. தஸ்தகீர் வந்தார்.
மகபூப்பாளையம், மிக்சி ரிப்பேர்.
டிபன் டப்பாவுக்குள் டைரி, டைரிக்குள் பட்டுத்தாள்,
அதற்குள் நிகில் பர்தேசாய், தொண்ணூற்றிரண்டு,
மீசை வரலாமா என்று யோசிக்கிற முகம்.
"ஒச்சப்பன்ட்ட வாங்குனது சார்.
சைக்கிள் பம்பைக் குடுத்தேன்.
எங்கத்தா தோலை உரிச்சுட்டாரு.
நாப்பதாயிரம் போகும்ங்கிறாங்க,
கடைக்கு ஷட்டர் போட்டுருவேன்."

ஜன்னலோரம் கொண்டுபோனேன்.
மூலை நான்கும் குத்துகிற கூர்.
மஞ்சள் வெளுக்கவில்லை.
பின்பக்கம் கம் ஒட்டிய கறை, தேமல் மாதிரி;
அது குறையல்ல, பிறப்புச் சான்றிதழ்.
கீழ்க்கரை கொஞ்சம் மெலிவு,
அந்தக் கால அச்சு அப்படித்தான்.
ஒன்பது போடலாம் என்று
பேனாவைத் திறந்துவிட்டேன்.

அப்புறம் தராசு.
ஒன்று புள்ளி எட்டு கிராம் இருக்க வேண்டும்.
ஒன்று புள்ளி ஏழு எட்டு.
மின்விசிறியை நிறுத்திவிட்டுத் திரும்ப வைத்தேன்.
ஏழு எட்டு.

ஆலையில் வெட்டிய ஓரம் லென்ஸில் பிசிறியிருக்கும்.
இது வழவழப்பு.
நடுவில் ஓரிடத்தில் மட்டும்
அடிஸ்கேல் வழுக்கி, ஒரு மயிரிழை உள்ளே.
அந்த வழுக்கலை
எனக்குத் தெரியும்.

எட்டாம் வகுப்பு, கடைசி பெஞ்ச்,
அப்பா மழித்துவிட்டுப் போட்ட பாதி பிளேடு.
ஜாமெட்ரி பாக்ஸ் மூடவில்லை,
சீட்டு ஒரு மில்லிமீட்டர் நீளம்.
பர்தேசாயின் பூட்ஸுக்குக் கீழே புல்லைச் சீவினேன்.
கட்டைவிரலையும் சேர்த்து.
பெட்டி மூடியது.
மறுவாரமே ஒச்சப்பனிடம் தள்ளிவிட்டேன்,
இரண்டு பரோட்டாவுக்கு. சால்னா அவன் கணக்கு.

"வெட்டியிருக்கு."
"யாரு?"
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
மூலை, ஓரம், நடு, மேற்பரப்பு, அவ்வளவுதான்.
"பிரஸ்ல இல்ல. அப்புறமா, கையால."
"என் கைக்கு வந்ததுலேர்ந்து இப்படியேதான் சார் இருக்கு."
"இருக்கும்."
எண்ணூறு என்று எழுதினேன்,
ஆசைப்படுகிறவன் கிடைத்தால்.

தஸ்தகீர் லென்ஸைக் கேட்டு வாங்கினார்.
செம்புச் சுருளில் அறுந்த இடம் தேடுகிற கண்.
மற்றதை மூடி, வெகுநேரம்.
"முகமே இல்லையே சார்.
செவப்பும் நீலமுமா புள்ளிதான் கெடக்கு."
"எல்லாச் சீட்டும் அப்படித்தான் பாய்."
"இவ்வளவு கிட்டக்கப் பாத்துருக்கக் கூடாது."

பட்டுத்தாளில் சுற்றவில்லை.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், பஸ் டிக்கெட்டைப் போல.
பாதிப் படி இறங்கியவர் திரும்பி வந்து
கட்டணம் இருநூறை மேசையில் வைத்தார்.
வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்து
பெயருக்கு இனிஷியல் என்ன என்று கேட்டேன்.
ரசீது எழுதினேன்.

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி போனார்.
மின்விசிறியை நான்
திரும்பப் போடவே இல்லை.